புது பைப் போட்டாச்சா? இனி கிளட்சைப் பாருங்கள்

பனியில் ஓடும் ஸ்னோமொபைலில் கம்பெனி எக்ஸாஸ்ட் பைப்பைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கும் ஆஃப்டர்மார்க்கெட் பைப் போடுகிறவர்களில் பலர் கிளட்சைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டு நாள் ஓட்டிவிட்டு, "சத்தம்தான் ஏறியிருக்கு, இழுவையக் காணோம்" என்று பைப்பைத் திட்டுவார்கள். பெரும்பாலும் பைப் மேல் குற்றமே இருக்காது. அது கொடுக்கும் கூடுதல் பவர் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில்தான் (எஞ்சின் ஒரு நிமிடத்தில் சுற்றும் எண்ணிக்கை) கிடைக்கும். எஞ்சினை அந்த ஆர்பிஎம்மிலேயே பிடித்து வைப்பது கிளட்சின் வேலை. பழைய பைப்புக்கு அளந்து வைத்த வெயிட்டும் ஸ்பிரிங்கும் புது பைப்புக்கு அதைச் செய்யாது.

ஊரில் ஆக்டிவா, ஸ்கூட்டி பிரித்துப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதுதான், அதே வகை சி.வி.டி., அதாவது படிப்படியாக இல்லாமல் பெல்ட் வழியாகக் கியர் மாறும் அமைப்பு. எஞ்சின் பக்கம் பிரைமரி, ட்ராக் (பனியில் ஓடும் ரப்பர் பட்டை) பக்கம் செகண்டரி, நடுவில் பெல்ட். ஸ்கூட்டரில் ரோலர் செய்யும் வேலையை இங்கே பிரைமரிக்குள் இருக்கும் மூன்று வெயிட்டுகள் செய்கின்றன. எஞ்சின் சுற்றச் சுற்ற வெயிட்டுகள் வெளியே வீசி, நகரும் தட்டைத் தள்ளி பெல்ட்டை மேலே ஏற்றும். பிரைமரி ஸ்பிரிங் அதை எதிர்த்துத் தள்ளும். செகண்டரியில் ஒரு ஸ்பிரிங்கும் ஹெலிக்ஸ் என்ற சரிவுப் பாதையும் உண்டு. ட்ராக்கில் சுமை கூடும்போது ஹெலிக்ஸ் தட்டுகளை இறுக்கி, பெல்ட்டை மறுபடி கீழ் கியருக்கு இழுக்கும்.

திசையை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். வெயிட் கூடினால் ஆர்பிஎம் இறங்கும். பிரைமரி ஸ்பிரிங் கடினமானால் ஆர்பிஎம் ஏறும். ஹெலிக்ஸ் கோணம் செங்குத்தானால் சீக்கிரம் மேல் கியருக்குப் போகும், ஆர்பிஎம் இறங்கும். செகண்டரி ஸ்பிரிங் கடினமானால் ஆர்பிஎம் ஏறும், திரும்பக் கீழே வருவதும் விரைவாகும். மற்றதெல்லாம் இந்த நாலு வரியிலிருந்துதான் வருகிறது.

எந்த பைப், எவ்வளவு மாற்றம்

எக்ஸாஸ்ட் என்று பொதுவாகச் சொன்னாலும் மாற்றுவது சைலன்சரையா, பைப்பையா என்பதைப் பொறுத்துத்தான் கிளட்ச் வேலை. கடைசியில் இருக்கும் சைலன்சர் டப்பாவை மட்டும் மாற்றினால் எடை நாலைந்து கிலோ குறையும், சத்தம் கூடும், பவரில் பெரிய வித்தியாசம் வராது. ஆர்பிஎம் 100 நகர்ந்தாலே அதிகம். ஒரு முறை ஓட்டி அளந்துவிட்டு, பல வண்டிகளில் கிளட்சை அப்படியே விட்டுவிடலாம்.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் டியூன்ட் பைப்பை மாற்றினால் கதை வேறு. அந்த வயிறு பெருத்த பைப், அழுத்த அலைகளை வைத்து வேலை செய்கிறது. விரியும் பகுதியிலிருந்து திரும்பும் அலை சிலிண்டரைக் காலி செய்ய உதவும். குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அலை, வெளியே வழிந்த புது எரிபொருள் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். எக்ஸாஸ்ட் போர்ட் (சிலிண்டரில் புகை வெளியேறும் துளை) மூடும் நேரத்துக்குச் சரியாக அந்த அலை வந்து சேரும் ஆர்பிஎம்மில்தான் பவர் உச்சம். பைப்பின் நீளமும் வடிவமும் மாறினால் அந்த ஆர்பிஎம்மும் மாறும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, பைப்பின் சூடு. சூடான வாயுவில் ஒலி வேகமாகப் போகும், அதனால் பைப் சூடேறும்போது பவர் உச்சம் மேல் ஆர்பிஎம்முக்கு நகரும். குளிர்ந்த பைப்போடு எடுத்த முதல் ஓட்டத்தின் எண்ணை நம்பி வெயிட் மாற்றினால், பைப் சூடானதும் எல்லாம் தப்பாகப் போகும். ஐந்து பத்து கிலோமீட்டர் ஓட்டி, பைப்பும் பெல்ட்டும் கிளட்சும் சூடான பிறகே அளக்க வேண்டும்.

டர்போ வைத்த 998 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளில் அலைக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. எதிர் அழுத்தம் குறைவதால் டர்போ சீக்கிரம் சுழலும், பூஸ்ட் கூடலாம். அதற்கு இசியூ (எஞ்சினின் கணினி) மேப்பைச் சரிசெய்வது முதலில், கிளட்ச் அப்புறம்.

பைப்பைக் கழற்றும் முன்

பழைய பைப் இருக்கும்போதே ஒரு அளவு எடுத்து வையுங்கள். அதே இடம், அதே மாதிரி பனி, முழு திராட்டில், 300 முதல் 400 மீட்டர். புறப்பட்டதும், நடுவில், முடிவில் என்று மூன்று இடத்து ஆர்பிஎம், முடிவில் வேகம், பெல்ட் பிடிக்கத் தொடங்கும் ஆர்பிஎம். மீட்டரைக் கண்ணால் பார்த்து ஞாபகம் வைப்பது நடக்காத காரியம், மார்பில் கேமரா கட்டிப் படம்பிடித்துக்கொள்ளுங்கள். இந்த அளவு இல்லாமல் புது பைப்பால் என்ன மாறியது என்று சொல்லவே முடியாது.

அதே நேரத்தில் கிளட்சின் உடல்நிலையையும் பாருங்கள். இங்கேயும் வெயிட்டின் வளைந்த முகத்தின் மேல் ஓட ஒரு ரோலர் உண்டு; அது ஓடிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் அந்த வெயிட் குப்பைக்குத்தான். ரோலரில் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தாலும், புஷ் ஆடினாலும், நீங்கள் செய்யும் எந்த மாற்றத்துக்கும் வண்டி ஒழுங்காகப் பதில் சொல்லாது. தட்டுகளின் முகத்தை நைலான் தேய்ப்பானால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பெல்ட்டின் பக்கவாட்டு பளபளவென்று கண்ணாடி மாதிரி இருந்தால் அது வழுக்கியிருக்கிறது என்று அர்த்தம். பெல்ட் புதிது என்றால் முதல் 50 கிலோமீட்டருக்கு முழு திராட்டிலில் பிடித்து ஓட்டாதீர்கள்.

செகண்டரியில் பெல்ட் எந்த உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். தட்டின் வெளி விளிம்போடு சமமாக, அல்லது ஒரு மில்லிமீட்டர் போல மேலே இருக்க வேண்டும். கீழே அமுங்கியிருந்தால் வண்டி உண்மையான முதல் கியரில் புறப்படாது. ரொம்ப மேலே இருந்தால் ஐடிலிலேயே ட்ராக் நகரப் பார்க்கும். சரிக்கட்ட செகண்டரியிலேயே அட்ஜஸ்டர் உண்டு.

பைப்பும் பெட்ரோலும்

புது பைப் மாட்டும்போது எஞ்சினோடு சேரும் வளைய சீல் புதிதாக இருக்கட்டும். அங்கே கசிந்தால் அலையின் பலம் போய்விடும், சூடான வாயு பக்கத்துப் பிளாஸ்டிக்கை உருக்கும். பைப்பைப் பிடித்திருக்கும் இழுப்பு ஸ்பிரிங்குகளின் உடலில் ஒரு கோடு சூடு தாங்கும் சிலிக்கான் பூசினால் அதிர்ந்து உடையாது. பைப்புக்கும் ஹூட், பெல்லி பேன் (வண்டியின் அடித்தட்டு) பிளாஸ்டிக்குக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி வேண்டும்.

கம்பெனி பைப்பில் சூடு பார்க்கும் சென்சர் இருந்தால், புது பைப்பிலும் அதே இடத்தில் அது உட்கார வேண்டும். இன்றைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் இசியூ பைப் சூட்டைப் பார்த்துத்தான் பற்றவைக்கும் நேரத்தையும் எரிபொருளையும் மாற்றுகிறது. சென்சரைத் தொங்க விட்டால் பைப் எப்போதும் குளிர்ந்திருப்பதாக இசியூ நினைத்துக்கொண்டே இருக்கும். அந்த வண்டியில் ஆர்பிஎம் ஒரு நாளும் நிலைக்காது, எத்தனை வெயிட் மாற்றினாலும் பலனில்லை.

பைப் காற்றோட்டத்தைக் கூட்டினால் கலவையில் பெட்ரோல் பற்றாமல் போகலாம். பைப் செய்தவர்கள் மேப்போ ஃப்யூயல் கன்ட்ரோலரோ கட்டாயம் என்று சொல்லியிருந்தால் அதை முதலில் முடியுங்கள், பிரீமியம் பெட்ரோல் போடுங்கள். கிளட்ச் அதற்கு அடுத்துத்தான். காரணம் எளிது: நாக்கிங் (கலவை நேரம் தவறி வெடிப்பது) வந்ததும் இசியூ டைமிங்கைப் பின்னுக்கு இழுத்து பவரைக் குறைக்கும், ஆர்பிஎம் சரியும். வெளியே பார்த்தால் வெயிட் அதிகமானது போலவே தெரியும். நீங்கள் வெயிட்டைக் குறைப்பீர்கள், பிஸ்டன் உருகும்.

வெயிட் கணக்கு

இலக்கு ஆர்பிஎம் என்ன? பைப் செய்தவர் கொடுத்த எண்தான் தொடக்கம். கம்பெனி எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். போலாரிஸ் ஆக்ஸிஸ் 800 எச்.ஓ. எஞ்சினுக்குக் கம்பெனி இலக்கு 8250. புது பைப்பின் உச்சம் 8300 என்று வைத்துக்கொள்வோம். சூடான பைப்போடு ஓட்டினால் நடுவில் 8500 காட்டுகிறது. பவர் கூடியதால் பழைய வெயிட்டால் எஞ்சினை அடக்க முடியவில்லை, 200 அதிகம். பவர் உச்சத்தைத் தாண்டிச் சுற்றுவதால் சத்தம் இருக்கும், தள்ளல் இருக்காது. ஒரு கைக்கு, அதாவது ஒரு வெயிட்டுக்கு, ஒரு கிராம் கூட்டினால் ஏறக்குறைய 100 ஆர்பிஎம் இறங்கும் என்பது எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. ஆக மூன்று வெயிட்டுக்கும் தலா இரண்டு கிராம். 10-66 என்று பொறித்த வெயிட் 66 கிராம், அதற்கு அடுத்து 10-68 போட வேண்டும்.

மாறாக, நடுவில் 8100தான் வருகிறது, எரிபொருளும் சரி, நாக்கிங்கும் இல்லை என்றால் புது பைப்புக்கு வெயிட் அதிகம். தலா இரண்டு கிராம் குறையுங்கள்.

பெட்டியில் 68 என்று எழுதியிருப்பதை நம்பாமல் 0.1 கிராம் காட்டும் தராசில் மூன்றையும் நிறுத்துப் பாருங்கள். அரை கிராம் வித்தியாசம் இருந்தால் கனமானதை அடிப்பக்கமாகத் தேய்த்து மற்றவற்றோடு சமமாக்குங்கள். ரோலர் ஓடும் முகத்தில் அரம் படவே கூடாது. மூன்றும் சமமில்லாவிட்டால் கிளட்ச் அதிரும், அதிர்ச்சி கிராங்க் சீலைத் தின்னும்.

போலாரிஸ் பி-85 கிளட்சை வண்டியிலிருந்து இறக்காமலே வெயிட் மாற்றலாம். பெல்ட்டை எடுத்துவிட்டு, மூடியின் ஆறு போல்ட்டையும் ஒவ்வொன்றாக முழுதாகக் கழற்றாமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். உள்ளே ஸ்பிரிங் அமுங்கி நிற்கிறது. மூடியைக் கையால் அழுத்திப் பிடித்தபடி கடைசி இரண்டு போல்ட்டை எடுங்கள். மூடியிலும் தட்டிலும் ஸ்பைடரிலும் (ரோலர்களைத் தாங்கும் நடுத் துண்டு) பெருக்கல் குறி பொறித்திருக்கும். மறுபடி மாட்டும்போது மூன்று குறியும் ஒரே நேரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பேலன்ஸ் போய்விடும்.

ஸ்கி-டூவின் டிஆர்ஏ கிளட்சில் சின்ன மாற்றத்துக்கு வெயிட்டைத் தொடவே வேண்டாம். வெளிமுகத்தில் 1 முதல் 6 வரை எண் போட்ட மூன்று திருகுகள் இருக்கும். ஒரு எண் ஏற்றினால் சுமார் 200 ஆர்பிஎம் ஏறும், இறக்கினால் இறங்கும். நட்டை முழுதாகக் கழற்றாதீர்கள். திருகைப் பாதி வெளியே இழுத்துத் திருப்புகிற அளவுக்குத் தளர்த்தினால் போதும்; முழுதாக எடுத்தால் உள்ளிருக்கும் வாஷர் கிளட்சுக்குள் விழுந்துவிடும். மூன்றும் ஒரே எண்ணில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பாருங்கள். பைப் போட்டபின் ஒரு எண் நகர்த்தி இலக்கு வந்துவிட்டால் நல்லது. இரண்டு எண்ணுக்கு மேல் போக வேண்டியிருந்தால் வெயிட் கையில் செருகியிருக்கும் 'பின்' (pin) எடையை மாற்றுவதுதான் முறை.

ஆர்பிஎம் ஏறினால் எல்லாம் வெயிட்தானா?

இல்லை, இங்கேதான் நிறையப் பேர் பெல்ட்டைக் கிழிக்கிறார்கள். செகண்டரியில் பெல்ட் வழுக்கினாலும் ஆர்பிஎம் ஏறும். அப்போது பிரைமரியில் வெயிட் கூட்டினால், செகண்டரியில் இருக்கும் பெல்ட்டைப் பிரைமரி இன்னும் பலமாகக் கீழே இழுக்கும், செகண்டரி இன்னும் வழுக்கும். பெல்ட் சாகும்.

பிரித்தறிய ஒரு மார்க்கரும் சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் துப்பாக்கியும் போதும். இரண்டு கிளட்சின் தட்டிலும் மையத்திலிருந்து விளிம்பு வரை மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஒரு முழு ஓட்டம் ஓடிவிட்டு எஞ்சினை அணைத்து பெல்ட் கார்டைத் (பெல்ட்டை மூடும் கவசம்) திறந்து பாருங்கள். பெல்ட் போன இடம் வரை மை அழிந்திருக்கும். பிரைமரியில் விளிம்புக்கு ஒரு விரல் முன்பே கோடு மிச்சம் நின்றால் கிளட்ச் முழுதாக ஏறவில்லை: ஓட்டத் தூரம் போதாமல் இருக்கலாம், வெயிட் பற்றாமல் இருக்கலாம், அல்லது ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டி நிற்கலாம். கறுத்த ரப்பர் பட்டை ஒரே இடத்தில் தீற்றியிருந்தால் அங்கேதான் வழுக்கல்.

நின்ற உடனே தட்டின் சூட்டையும் பாருங்கள். என் அளவுகோல்: 90 டிகிரிக்குள் நிம்மதி, 110 தாண்டினால் நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும். பிரைமரி எஞ்சின் பக்கம் இருப்பதால் கொஞ்சம் கூடுதலாகச் சூடாவது இயல்பு. செகண்டரி அதைவிடச் சூடாக இருந்தால் அதன் ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது, அல்லது ஹெலிக்ஸ் கோணம் அதிகம். கார்டைத் திறந்து வைத்தபடி எஞ்சினை ஓட்டவே ஓட்டாதீர்கள். பெல்ட் அறுந்தால் அது வரும் வேகத்துக்குக் கை தாங்காது.

ஓட்டம் முழுக்க ஒரே ஆர்பிஎம்

நடுவில் இலக்கு வந்துவிட்டது, ஆனால் முடிவில் 8300 இறங்கி 8100 ஆகிறது என்றால், மேல் பகுதியில் ஏற்றம் அதிகம். வெயிட்டின் நுனியில் கனம் கூடியிருக்கலாம். துளையில் எடை மாற்றும் வகை வெயிட் என்றால் நுனியிலிருந்து ஒரு கிராமை அடிப்பக்கம் நகர்த்துங்கள். அந்த வசதி இல்லையென்றால் பிரைமரி ஸ்பிரிங்கின் இரண்டாவது எண்ணைக் கூட்டுங்கள். 120/310 என்றால் பெல்ட் பிடிக்கும் நேரத்தில் 120 பவுண்டு, முழுதாக ஏறியபோது 310 பவுண்டு. 120/330 போட்டால் புறப்பாடு மாறாது, முடிவில் ஆர்பிஎம் நிற்கும்.

தொடக்கத்தில் மந்தமாக எழுந்து பிறகு சரியாகிறது என்றால் கோளாறு கீழே. சில பைப்புகள் மேலே பவரைக் கூட்டிவிட்டுக் கீழே கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அதற்கு எங்கேஜ்மென்ட்டை (பெல்ட் பிடிக்கத் தொடங்கும் ஆர்பிஎம்) 200 ஆர்பிஎம் போல ஏற்றலாம், அதாவது ஸ்பிரிங்கின் முதல் எண்ணைக் கூட்டுவது. 4000-ஐத் தாண்டி ஏற்றுவதை டிரெயில் (பனியில் போட்ட பாதை) வண்டிக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை. ஒவ்வொரு புறப்பாட்டிலும் அடி விழும், ஆழமான பனியில் ட்ராக் குழி தோண்டி இறங்கிவிடும்.

செகண்டரிக்குக் கடைசியில் வாருங்கள். சோதனை ஒன்றுதான்: முழு திராட்டிலில் போகும்போது இரண்டு விநாடி விட்டு, மறுபடி அழுத்துங்கள். ஆர்பிஎம் உடனே இலக்குக்கு 100-க்குள் திரும்ப வேண்டும். 400, 500 கீழே விழுந்து மெதுவாக ஏறினால் பேக்ஷிஃப்ட் (கீழ் கியருக்குத் திரும்புவது) போதவில்லை. ஹெலிக்ஸின் தொடக்கக் கோணத்தை இரண்டு டிகிரி குறையுங்கள், அல்லது செகண்டரி ஸ்பிரிங்கை ஒரு படி கடினமாக்குங்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ரொம்பக் கடினமான ஸ்பிரிங் பெல்ட்டை வீணாக இறுக்கிப் பவரைச் சூடாகத் தின்னும், உச்ச வேகமும் குறையும். செகண்டரியை மாற்றியதும் மேலே ஆர்பிஎம் நகர்ந்திருக்கும். மறுபடி வெயிட்டுக்குப் போய் ஒரு கிராம் சரிசெய்ய வேண்டி வரலாம்.

எங்கே ஓட்டப் போகிறீர்கள்

கனடாவின் ஒன்ராறியோவில் இறுகிய டிரெயிலில் செட் செய்த வண்டி, ஆழமான தூள் பனியில் 100, 150 ஆர்பிஎம் குறைவாகக் காட்டும். எங்கே அதிகம் ஓட்டுகிறீர்களோ அங்கே அளந்து செட் செய்யுங்கள். உயரம் இன்னும் பெரிய விஷயம். 300 மீட்டர் ஏறினால் டர்போ இல்லாத எஞ்சின் ஏறக்குறைய 3 சதவீதம் பவரை இழக்கும். அமெரிக்காவில் மொன்டானாவின் குக் சிட்டி கிட்டத்தட்ட 2300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தாழ்ந்த ஊரிலிருந்து டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு அங்கே போனால் பவரில் ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கும். 600 மீட்டருக்கு இரண்டு கிராம் வீதம் குறைத்தால், ஒரு கைக்கு ஆறேழு கிராம் இறக்க வேண்டும். மலைக்குப் போகிறவர்கள் இன்னொரு செட் வெயிட்டைப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

சத்தம் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1975 பிப்ரவரிக்குப் பிறகு தயாராகிச் சான்று பெற்ற ஸ்னோமொபைல்கள் முழு திராட்டிலில், 50 அடி தூரத்தில் 78 டெசிபலைத் தாண்டக் கூடாது. ரேஸுக்கென்று செய்த பைப்புகள் இதைச் சுலபமாகத் தாண்டும். டிரெயில்கள் பல இடங்களில் தனியார் நிலத்தின் வழியே, நிலச் சொந்தக்காரரின் சம்மதத்தோடுதான் போகின்றன. சத்தம் பொறுக்காமல் அவர் வழியை அடைத்தால் எல்லோருக்கும் அடைபடும். டிரெயிலில் ஓட்டுகிறவர் பைப்பை மாற்றினாலும் கம்பெனி சைலன்சரை வைத்துக்கொள்ளும்படியான செட்டைத் தேடி வாங்குங்கள். அந்த டப்பாவால் நீங்கள் இழக்கும் பவர் மிகக் கொஞ்சம்.

எல்லாம் சரியானதும் வெயிட், ஸ்பிரிங் எண், ஹெலிக்ஸ் கோணம், அன்றைய வெப்பநிலை, பனி, ஆர்பிஎம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி பெல்ட் கார்டின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். புது ஸ்பிரிங் முதல் சில நாள் சூடாகி ஆறியதில் கொஞ்சம் தளரும், ஆர்பிஎம் 50, 100 இறங்கும். 200 கிலோமீட்டர் போல ஓடியதும் அதே இடத்தில் ஒரு தடவை அளந்து பாருங்கள். இறங்கியிருந்தால் தலா அரை அல்லது ஒரு கிராம் வெயிட்டைக் குறைத்தால் பழைய இடத்துக்கு வந்துவிடும்.